மூன்றாம் இலை வரும்வரை

மகனே,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டும் என்று போன வாரம் முழுவதும் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். நல்லவேளை, எழுதவில்லை. எழுதியிருந்தால் அது இன்று காலையோடு பொய்யாகிப் போயிருக்கும். நாங்கள் சுகம். பசு சுகம். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போல் இருக்கிறது. ஆனால் விடிந்ததிலிருந்து அது அவருக்கு ஞாபகம் வரவில்லை. எனக்கும் இந்தப் பத்தியை முடிப்பதற்குள் எழுந்துபோய் நிலத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வர வேண்டும்போல் இருக்கிறது. போய்விட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். எல்லாம் அப்படியே இருக்கிறது. காலையில் இரண்டு இலையோடு நின்ற ஒன்று இப்போது மூன்றாவதை நீட்டப் பார்க்கிறது. அது என்ன செடி என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருப்பதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானும் யாருக்கும் சொல்லித்தரவில்லை.

நீ எழுதியதை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். தை மாதம் உனக்குக் கல்யாணம். பெண் பம்பாயில் நர்ஸ்; நாங்கள் பார்த்த பெண் அல்ல, நீயே பார்த்துக்கொண்டாய். அதைப் படித்த அன்று உன் அப்பா யாரோடும் பேசவில்லை. மறுநாள் காப்பி குடிக்கும்போது, "வேலை பாக்குற புள்ளையா, சரி" என்றார். அத்தோடு அந்த விஷயம் முடிந்தது. இரண்டாவது விஷயம் நிலம். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு ஏக்கரையும் பட்டாசுக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, இருவரும் நிழலில் உட்காருங்கள் என்று எழுதியிருந்தாய். விதைத்தது எதுவும் முளைக்காத நிலத்தை வைத்துக்கொண்டு இந்த வயதில் என்ன செய்யப்போகிறீர்கள் என்றும் கேட்டிருந்தாய். கேள்வி நியாயமானது. நாங்கள் விதைத்தது எதுவும் முளைக்கவில்லை என்பது ஊரறிந்த உண்மை. ஆனால் முளைத்தது எதையும் நாங்கள் விதைக்கவில்லை என்பதும் உண்மை. நீ விடுதியில் தங்கிப் படித்தவன். பிறகு வேலைக்கு வடக்கே போனவன். உண்மையின் முதல் பாதிதான் உன் கண்ணில் பட்டது. இரண்டாம் பாதியைச் சொல்லத்தான் இத்தனை காகிதம்.

நிலம் நம் கையைவிட்டுப் போகக்கூடாது என்பது என் ஆசை. அதை நான் உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. நீ கேட்டாய், அவர் கம்பெனிக்காரருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்; இந்தச் சனிக்கிழமை, அதாவது இன்று, கையெழுத்து என்று ஏற்பாடு. உன் அப்பா கொடுத்த வாக்கை மாற்றுகிறவர் அல்ல. மழை வரும் என்று சொல்லிவிட்டு அது வராதபோதுகூட வருத்தம் தெரிவிப்பவர்.

நீ பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம் அந்த நிலத்தை வாங்கினோம். ஏழாயிரம்பண்ணைப் பாதையில் கரிசலும் சுக்கான் கல்லும் கலந்த சரிவு. மூலையில் உப்புக் கரிக்கும் கிணறு. சுற்றிலும் கிளுவை வேலி. விற்றவர், "கல்லைப் போட்டாலும் முளைக்கும் சார்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு உழவுக்கும் புதுப்புதுக் கற்கள் வந்தன. நானும் உன் அப்பாவும் வாத்தியார்கள். வாத்தியாருக்கு உலகத்தில் நம்பிக்கையான பொருள் ஒன்றுதான்: வரிசை. வரிசையில் நிற்பவன் நல்லவன், வரிசைக்கு வெளியே நிற்பவன் யார் என்று விசாரிக்கப்பட வேண்டியவன். ஆகவே அப்பா ஒரு தேங்காய்நார்க் கயிற்றில் சாணுக்கொரு முடிச்சுப் போட்டு, அதை இழுத்துக் கட்டி, முடிச்சுக்கு முடிச்சு விதை ஊன்றினார். விவசாய இலாகாவின் துண்டுப்பிரசுரத்தில் இருந்ததைவிட அவர் வரிசை நேராக இருந்தது. அதைப் பார்த்த பக்கத்து நிலத்துக்காரர், "பெரேடு நடத்தப்போறீகளா சார்?" என்று கேட்டதை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

முதல் வருஷம் கத்தரி ஊன்றினோம். மழை பெய்தது. கயிறு கிடந்த பள்ளத்தில், நூல் பிடித்தாற்போல், பச்சை வந்தது. உன் அப்பா அன்று பள்ளிக்கூடத்துக்குப் பாட்டு முனகிக்கொண்டே போனார். வரிசைக்கு நடுவே கண்டபடி தலைகாட்டிய மற்றதையெல்லாம் இருவருமாகக் குனிந்து குனிந்து பிடுங்கி, வேலி ஓரத்துக் குப்பைக்குழியில் எறிந்தோம். ஒன்றைக்கூட விடவில்லை. அந்த வரிசைக்குச் சாணம் கரைத்து ஊற்றினோம். கிணற்று நீர் உப்பென்று குடிதண்ணீர் சுமந்து ஊற்றினோம். செடி நன்றாகத்தான் வளர்ந்தது. பிறகு பூத்தது. கத்தரிப்பூ ஊதா நிறம் என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் செடியில் வெள்ளை வெள்ளையாக, நாதஸ்வரம் நீளத்துக்குப் பூ வந்தது. எறும்பு கத்தரி விதையைக் கொண்டுபோய்விட்டதும், ஈரம் தங்கிய பள்ளத்தில் காற்று கொண்டுவந்த விதை ஒதுங்கியதும், நாங்கள் பக்தி சிரத்தையோடு வளர்த்தது ஊமத்தை என்பதும் அன்று தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து உன் அப்பாவோடு வேலை பார்த்த வாத்தியார் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். வரிசையைப் பார்த்தார். "என்ன சார், ஊமத்தைத் தோட்டமா போட்டிருக்கீக? வைத்தியத்துக்கா?" என்றார்.

"ஆமா" என்றார் உன் அப்பா.

"எதுக்கு நல்லது?"

"பல வியாதிக்கு."

அவர் போனபின் நான் சிரிக்கவில்லை. சிரிக்கக்கூடாது என்று முடிவு செய்து குப்பைக்குழிப் பக்கம் போனேன். அங்கே போனதும் சிரிப்பு தானாக நின்றுவிட்டது. நாங்கள் பிடுங்கி எறிந்ததெல்லாம் அங்கே வேர்விட்டுப் படர்ந்திருந்தது. வெள்ளரி, பூசணி, தட்டைப்பயறு. இலையை விலக்கினால் ஒரு பூசணி, பிறந்த குழந்தையின் தலையளவுக்கு, முகம் காட்டியது. நான் கூப்பிட்ட கூப்பாட்டில் பாம்பு என்று நினைத்து உன் அப்பா கம்போடு ஓடிவந்தார். இருவரும் குழிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து, யார் போட்டது, எப்போது போட்டது என்று வெகுநேரம் விசாரணை நடத்தினோம். சமையல் கழிவில் வந்திருக்கலாம். இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஆடியில் வண்டி கட்டிப் போகிறவர்கள் நம் வேம்படியில் மாட்டை அவிழ்த்துவிட்டுச் சாப்பிட்டுப் போவார்கள். அவர்கள் துப்பியதாக இருக்கலாம். மாடு கொண்டுவந்ததாக இருக்கலாம். ஒரு குற்றவாளியும் அகப்படவில்லை. பூசணி மட்டும் அகப்பட்டது.

அன்றுதான் உன் அப்பா ஒரு விதி செய்தார். அவர் செய்த விதிகளில் இன்றுவரை மீறப்படாதது அது ஒன்றுதான். எந்த விதையும் முளைக்கும்போது முதலில் இரண்டு இலை விடுகிறதே, அதில் எல்லாச் செடியும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே சாயல். மூன்றாவது இலையில்தான் அது யார் பிள்ளை என்று தெரியும். ஆகவே நம் நிலத்தில் எது முளைத்தாலும், எங்கே முளைத்தாலும், மூன்றாம் இலை வரும்வரை யாரும் கை வைக்கக்கூடாது. மூன்றாம் இலையில் அது நல்லது என்று தெரிந்துவிட்டால் அதற்கப்புறம் எப்போதும் கை வைக்கக்கூடாது. களையெடுக்க வந்த ஆள், "அப்ப நான் எதுக்குச் சார்?" என்று கேட்டுவிட்டுப் போனவர்தான்.

இந்த இடத்தில் உன் கல்யாணத்துக்குப் பொருத்தமாக ஒரு உவமை சொல்லலாம். சொல்ல மாட்டேன். உவமை சொல்லிச் சொல்லி ஓய்வு பெற்றவள் நான். கேட்டுக் கேட்டுத் தூங்கியவன் நீ. ஒன்று மட்டும் உவமை இல்லாமலே சொல்கிறேன். கல்யாணமான புதிதில் நான் தினம் சாயங்காலம் வாசற்படியில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். உன் அப்பா அதைச் சோம்பல் என்று நினைத்து, எனக்கு வேலை கண்டுபிடித்துக் கண்டுபிடித்துக் கொடுத்தார். அந்த ஒரு மணி நேரம்தான் மறுநாள் அறுபது பிள்ளைகளைத் தாங்குகிறது என்று அவருக்குத் தெரிய வெகுகாலமாயிற்று. உன் மனைவியாக வருகிறவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஏதாவது உனக்குப் புரியாததைச் செய்தால், அல்லது ஒன்றும் செய்யாமல் இருந்தால், உடனே போய்ப் பிடுங்காதே. கொஞ்சம் தள்ளி நின்று பார். என்னவென்று தானாகத் தெரியும்.

இனி சீனியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் நிலத்துக்கு மேற்கே உள்ள தெருவிலிருந்து பட்டாசுக்கு மருந்து அடைக்கப் போகிறவள். சாயங்காலம் வேலைவிட்டு வரும்போது மணிக்கட்டு வரை வெள்ளிப்பொடி மினுங்கும். அந்தக் கையை ஆட்டி ஆட்டிப் பேசினால் எதிரே நிற்பவர் ஒத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். அவள் தெருவில் மாரியம்மனுக்கு முளைப்பாரி எடுப்பார்கள். இருட்டறையில் ஓட்டில் நவதானியம் வளர்த்து, தலையில் தூக்கிக் கும்மி கொட்டி, கடைசியில் ஊருணியில் கொண்டுபோய்க் கரைப்பது வழக்கம். ஒரு வருஷம் ஊருணி வறண்டு வெடித்துவிட்டது. முளைப்பாரியோடு பெண்கள் பாதையில் நிற்க, சீனியம்மா நம் வேலிக்கு வந்தாள்.

"டீச்சரம்மா, ஊருணியிலே சேறுகூட இல்ல. ஆத்தாளை எங்கன கொண்டுபோய் எறக்க? ஒங்க மாட்டுத் தொட்டியிலே கரைச்சுக்கிடுறோம்."

"சாரை ஒரு வார்த்தை கேக்கணுமே" என்றேன். உன் அப்பா அப்போதே நம் வேதக்கோயில் சபையின் செயலாளர்.

"கேட்டா வேண்டாம்பாக. கேக்காட்டி ஒண்ணும் சொல்ல மாட்டாக. எது நல்லது, நீங்களே சொல்லுங்க."

நான் படலைத் திறந்துவிட்டேன். குலவை போட்டுக்கொண்டு அத்தனை பெண்களும் உள்ளே வந்தார்கள். உன் அப்பா நிலத்தின் மறுகோடியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கயிற்றால் எதையோ அளந்தார். அளக்க அங்கே ஒன்றும் இல்லை. கடைசிப் பெண் வெளியே போகும்வரை அளந்தார். அன்று குலவைச் சத்தம் தன் காதில் விழவில்லை என்று இன்றைக்கும் சொல்வார். அது எம். புதுப்பட்டி வரை கேட்டிருக்கும்.

தொட்டியைக் கழுவிய தண்ணீர் வழக்கம்போல் வாய்க்காலில் ஓடி நிலத்தில் பரவியது. ஓட்டில் முளைக்காமல் தங்கியிருந்த தானியமும் அதோடு போனது. அந்த வருஷம் அப்பா வரிசையாக ஊன்றியது மிளகாய். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஐப்பசி மழைக்குத் தொட்டியடியிலிருந்து நிலத்தின் பாதிவரை ஒரு விரிப்பு விரித்தாற்போல் பச்சை வந்தது. நாங்கள் காலையில் பல் தேய்க்கும் முன் போய் உட்கார்ந்துகொள்வோம். "டீச்சர், இது இலை விட்டிருச்சு", "ஏங்க, இங்க வந்து பாருங்க" என்று நிலம் முழுக்கக் கத்திக்கொண்டு திரிந்தோம். சீனியம்மாவைக் கூப்பிட்டு அடையாளம் கேட்டோம். அவள் ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்து, "பீர்க்கு" என்றாள். உளுந்தைப் பீர்க்கு என்றாள், மொச்சையைப் பீர்க்கு என்றாள், எள்ளைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பீர்க்கு என்றாள். அந்த வருஷம் நம் நிலத்தில் முளைக்காத ஒரே பயிர் பீர்க்கு.

அப்புறம் நம் கோயிலில் அறுப்பின் பண்டிகை வந்தது. அவரவர் விளைச்சலில் முதல் பங்கைப் படைத்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்களே, அந்தப் பண்டிகை. அதற்கு முன் வருஷங்களில் உன் அப்பா சாத்தூரில் வாங்கிய கத்தரிக்காயைக் கொண்டுபோய், இது எங்கள் நிலத்தில் விளைந்தது என்று சொல்லாமலும், விளையவில்லை என்று சொல்லாமலும் வைத்துவிட்டு வருவார். இந்த முறை நெற்று வெடிக்கும் தட்டைப்பயறும் மொச்சையும் எள்ளும் ஒரு பெட்டி நிறையத் தோளில் சுமந்துகொண்டு நடுவழியே நடந்தார். போதகர் எழுந்து வந்து பார்த்தார்.

"பிரமாதமா இருக்கே சார். என்ன ரகம்?"

"நாட்டு ரகம், ஐயா."

"விதை எங்க வாங்குனீக?"

"பக்கத்திலேயே கிடைச்சது."

அன்றைய பிரசங்கம் நல்ல நிலத்தில் விழுந்த விதையைப் பற்றி. போதகர் உன் அப்பாவைப் பார்த்தே பிரசங்கித்தார். உன் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சபையார் அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை சீனியம்மா வேலிக்கு வந்துவிட்டாள். "என்ன சார், ஒங்க கோயில்ல ஏலம் நல்லாப் போச்சாமே. விதை ஆத்தாளுது, மண்ணு ஒங்களுது. வெளைச்சல்ல வாரம் பாதி. ஆத்தா பங்கு எங்க?"

உன் அப்பா பின்னக் கணக்கு நடத்தியவர். நிலம் ஒருவருக்கு, விதை ஒருவருக்கு என்றால் என்ன பங்கு என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. விரல் கணுவில் ஒரு தரம் கணக்குப் போட்டார். பிறகு, "நியாயம்தான்" என்றார். நின்றதில் பாதியை அவரே அறுத்துக் கொடுத்தார். அன்று முதல் சபைச் செயலாளரான உன் அப்பா மாரியம்மனோடு வாரத்துக்கு விவசாயம் செய்கிறார். ஊருணி நிறைந்த வருஷத்திலும் முளைப்பாரி நம் தொட்டிக்குத்தான் வருகிறது. போதகர்கள் மாறினார்கள், ரகம் மாறவில்லை. இப்போது அரிசிக்கும் கோதுமைக்கும் ஊரெல்லாம் வரிசையில் நிற்கிறது. திங்கட்கிழமை ராத்திரி பட்டினி இருங்கள் என்று டில்லியிலிருந்து சொல்கிறார்கள். நாங்கள் திங்கட்கிழமை ராத்திரி அவித்த மொச்சை சாப்பிடுகிறோம். அது தானியம் அல்ல, பருப்பு என்பது உன் அப்பாவின் வாதம்.

இவ்வளவும் மழைக்குப் பின்னால் நடப்பது. நீ லீவில் வருவது கோடையில். கம்பெனிக்காரர் வந்தது புரட்டாசிக் கடைசியில். அப்போது நம் நிலம் துடைத்து வைத்த கரும்பலகை மாதிரி இருக்கும். அவர் நல்ல மனிதர். வெள்ளைச் சட்டை, மணிக்கட்டில் இருக்கன்குடி மஞ்சள் கயிறு. நாலு பக்கமும் நடந்து பார்த்துவிட்டு வியர்வையைத் துடைத்தபடி சொன்னார்: "நெருப்புத் தொழில் சார். ஷெட்டுப் பக்கத்திலே காஞ்ச புல்லு ஒண்ணு நின்னாலும் எங்களுக்கு ஆகாது. இம்புட்டுச் சுத்தமான நிலத்தை நான் பாத்ததே இல்ல. எப்படி சார் இப்படி வச்சிருக்கீக?"

"பல வருஷ உழைப்பு" என்றார் உன் அப்பா.

அந்த நிலத்துக்கு அத்தனை காலத்தில் கிடைத்த முதல் நற்சாட்சி அது. அதில் மயங்கித்தான் வாக்குக் கொடுத்தாரோ, உன் கடிதத்துக்குக் கட்டுப்பட்டுக் கொடுத்தாரோ, எனக்குத் தெரியாது. ஷெட்டுகளுக்கு அளவு குறிக்கக் குச்சி வேண்டும் என்றார் அவர். வேலிக் கிளுவையில் ஒடித்துக்கொள்ளச் சொன்னார் அப்பா. கயிறு வேண்டும் என்றார். முடிச்சுப் போட்ட அந்தக் கயிற்றையே எடுத்துக் கொடுத்தார். கம்பெனி ஆட்கள் கயிறு பிடித்து, நிலம் முழுக்கக் கிளுவைக் குச்சிகளை வரிசை வரிசையாக அடித்துவிட்டுப் போனார்கள். நான் அதைப் பார்க்கப் போகவில்லை. அடுப்படியில் வேலை இருந்தது. இல்லாவிட்டாலும் இருந்திருக்கும்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. கரிசல் சேறு காலைப் பிடித்தால் செருப்பை வைத்துக்கொண்டு ஆளை மட்டும்தான் விடும். அதனால் பல நாள் அந்தப் பக்கம் போகவில்லை. போய் என்ன பார்ப்பது என்றும் இருந்தது. இன்று விடிந்ததும் வெயில் அடித்தது. கையெழுத்துக்கு முன் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று நான் மட்டும் போனேன். படலைத் திறந்தேன், ராசா, அப்படியே நின்றுவிட்டேன். தொட்டியடியிலிருந்து தொடங்கி நிலம் முழுக்கப் பச்சை. அதில்கூட எனக்குப் பேச்சு நிற்கவில்லை; வருஷா வருஷம் பார்ப்பதுதான். அந்தக் குச்சிகள் துளிர்த்திருந்தன. கம்பெனிக்காரர் ஷெட்டுக்கு அடித்த கிளுவைக் குச்சிகள், ஒன்றுவிடாமல், கணுவுக்குக் கணு இலைவிட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நூல் பிடித்த வரிசையில் நின்றன. வாழ்நாளில் முதன்முறையாக நம் நிலத்தில் வரிசையாக ஊன்றிய ஒன்று முளைத்திருக்கிறது. அதை ஊன்றியவரும் நாங்கள் அல்ல.

உன் அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். ஒரு வரிசையின் தலையில் நின்று, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, அது நேராக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். மழை பெய்து ஊறிக் கிடக்கும் நிலத்தில் குச்சி குச்சியாகத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

கம்பெனிக்காரர் பத்திரத்தோடு வந்தபோது அவர் பாதி வரிசை முடித்திருந்தார்.

"சார், என்ன செய்றீக?"

"தண்ணி ஊத்துறேன்."

"அது எங்க குச்சி சார்."

"தெரியும். நல்லா வந்திருக்கு. ஒங்க கை ராசி."

அவர் சேற்றில் இறங்கி வந்து ஒரு குச்சியைத் தொட்டுப் பார்த்தார். "இதைப் பிடுங்கிட்டுக் காஞ்ச குச்சி அடிச்சுக்கிடலாம் சார். புல்லை எல்லாம் ஆள் விட்டுச் செதுக்கிரலாம்."

"செதுக்கலாம். நிலம் ஒங்களுக்குன்னு வாக்குக் கொடுத்திருக்கேன், மாத்த மாட்டேன். ஆனா எங்க நிலத்திலே மூணாவது இலை வர்ற வரைக்கும் எதையும் பிடுங்குறதில்ல. அது ஒரு வழக்கம்."

கம்பெனிக்காரர் குனிந்து பார்த்தார். கள்ளமில்லாத மனிதர். "கிளுவைக்கு எலையே மூணு மூணாத்தானே சார் வரும்."

"அப்ப இனிமே பிடுங்கவே முடியாது" என்றார் உன் அப்பா வருத்தத்தோடு.

இதற்குள் வேலைக்குப் போகிற வழியில் சீனியம்மா வேலிக்கு மேல் தலையை நீட்டிவிட்டாள். தூக்குவாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "ஏய்யா, சார்கிட்ட மட்டும் கையெழுத்து வாங்குனா எப்படி? இது ஆத்தா வாரத்துக்குப் பாக்குற நெலம். பாதி அவளுது. அவகிட்ட வாங்கிட்டீகளா?"

கம்பெனிக்காரரின் கை தானாக மணிக்கட்டுக் கயிற்றுக்குப் போனது. "எந்த ஆத்தா?"

"எத்தனை ஆத்தா இருக்கா? ஒங்க கையிலே கட்டியிருக்கீகளே, அவதான்."

அவர் உன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். சபைச் செயலாளர், ஒரு காலத்தில் ஞாயிறு பள்ளி நடத்தியவர், வாளியைக் கீழே வைத்தார். "வாரம் பாதிதான்" என்றார். "அதை நான் மறைக்கக்கூடாது."

கம்பெனிக்காரர் வெகுநேரம் அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்த நிலம் எவ்வளவு வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கே முழுதாகத் தெரிந்தது. "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல சார்" என்றார் கடைசியில். கோபமாகச் சொல்லவில்லை. "வெடிமருந்தை வச்சுப் பொழைக்கிறவங்க நாங்க. ஆத்தா பங்குல கை வச்சுட்டு நான் எப்படி ராத்திரி தூங்க? வேற எடம் பாத்துக்கிடுறேன். வாக்கைப் பத்தி நீங்க ஒண்ணும் நெனைக்காதீக." பத்திரத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டவரை உன் அப்பா படல் வரை போய் வழியனுப்பினார். திரும்பி வரும்போது அவர் தோளில் அந்தக் கயிறு இருந்தது. மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆகவே, மகனே, உன் யோசனையை நாங்கள் மறுக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். நீ சொன்னபடியே கொடுக்கத்தான் போனோம். நிலம்தான் தேறவில்லை, ஒன்றும் முளைக்கக்கூடாது என்று வைத்த பரீட்சையில் தோற்றுவிட்டது. நிழலில் உட்காரச் சொன்னாயே, அதற்கும் வழி பிறந்திருக்கிறது. கிளுவை நின்றால் நிழல் தரும். கொஞ்ச வருஷம் ஆகும், அவ்வளவுதான். நாங்கள் இருவரும் காத்திருக்கத் தயார்.

உன் அப்பா உனக்குத் தனியாக எழுத மாட்டார் என்பது உனக்குத் தெரியும். நான் எழுதுவதை வாசற்படியில் உட்கார்ந்து, பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏதாவது எழுதணுமா என்று இப்போது கேட்டேன். கயிற்றின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கல்யாணம் முடிஞ்சு வரும்போது அந்தப் புள்ளைய வரப்பு மேலேயே கூட்டிட்டு வரச் சொல்லு டீச்சர். கால் பாத்து வைக்கணும். எங்கன என்ன முளைச்சிருக்கோ, நமக்கே தெரியாது."

அன்புடன்,
அம்மா